பழைய டார்ஸான் சீரியல்: எபிசோட் வரிசை குழம்புகிறது, பேச்சும் புரியவில்லை. உதவுங்கள்

மொட்டைமாடி:
வணக்கம். 1935-இல் வந்த 'தி நியூ அட்வெஞ்சர்ஸ் ஆஃப் டார்ஸான்' சீரியலை அப்பாவோடு தினம் ஒரு எபிசோடாகப் பார்க்கலாம் என்று இறக்கி, பென்டிரைவில் போட்டு டிவியில் செருகினேன். மொத்தம் 12 ஃபைல், பெயர் 1, 2, 3 என்று 12 வரை. முதல் எபிசோட் நாற்பது நிமிடத்துக்கு மேல் ஓடியது, நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் டிவி தானாகப் போட்ட அடுத்த எபிசோடில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நான்காம் நாள் எல்லோரும் இங்கிலாந்தில் ஒரு மாளிகையில் ஜிப்ஸி வேஷம் போட்டுக்கொண்டு விருந்தில் பழைய கதை பேசுகிறார்கள். ஐந்தாம் நாள் மறுபடியும் காடு! "சிலைதான் கிடைச்சிடுச்சே, இன்னும் எதுக்குடா தேடுறாங்க?" என்கிறார் அப்பா.

போதாததற்கு, பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது. டிவி ஸ்பீக்கர் போய்விட்டதா, ஃபைல் கெட்டதா?

ரீல்பெட்டி:
ஃபைல் கெடவில்லை சார். உங்கள் டிவி எண்ணாகப் படிக்காமல் எழுத்தாகப் படிக்கிறது. முதல் எழுத்து 1 என்று இருப்பதையெல்லாம் முதலில் அடுக்கும்: 1, 10, 11, 12, அதற்கப்புறம்தான் 2. நீங்கள் நான்காம் நாள் பார்த்தது 12, அதாவது கடைசி எபிசோட். அதில் பெரும்பகுதி பழைய காட்சிகளின் தொகுப்பு வேறு. குழம்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஒன்பது வரை உள்ள ஃபைல்களுக்கு 01, 02 என்று முன்னால் சைபர் சேர்த்துவிடுங்கள். சரியாகிவிடும்.

மொட்டைமாடி:
சைபர் சேர்த்துவிட்டேன் சார். லேப்டாப்பில் வரிசை சரி. டிவியில் இன்னமும் 01-க்கு அடுத்து 10 தான் வருகிறது.

சோல்டரிங்:
சில டிவிகள் பெயரையே பார்ப்பதில்லை. பென்டிரைவில் எந்த ஃபைல் முதலில் எழுதப்பட்டதோ அந்த வரிசையில் ஓட்டும். பெயரை மாற்றினாலும் உள்ளே இருக்கும் இடம் மாறாது. லேப்டாப்பில் ஒரு நகல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு பென்டிரைவை ஃபார்மட் செய்யுங்கள். பிறகு 01-ஐக் காப்பி செய்து முடிந்ததும் 02, அதற்கடுத்து 03 என்று ஒவ்வொன்றாகப் போடுங்கள். மொத்தமாகத் தேர்ந்தெடுத்து இழுத்துப் போட்டால் வரிசை மாறிவிடலாம். வேலை சலிப்பூட்டும், பன்னிரண்டு தானே.

ரீல்பெட்டி:
ஒலிக்கு வருகிறேன். முதல் எபிசோடின் தொடக்க எழுத்துகளை ரிமோட்டில் தள்ளிவிட்டீர்களா? குவாத்தமாலா காட்டில் சிரமப்பட்டு எடுத்த படம், ஒலிப்பதிவு ஏறி இறங்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அதில் அவர்களே கார்டு போட்டிருக்கிறார்கள். 1935-லேயே மன்னிப்புக் கேட்டுவிட்டார்கள், உங்கள் ஸ்பீக்கர்மேல் பழி போடாதீர்கள்.

கொஞ்சம் தேற்றலாம். டிவி ஒலி அமைப்பில் பேச்சு அல்லது செய்தி என்று ஒன்று இருந்தால் அதை வையுங்கள். லேப்டாப்பில் பார்த்தால் வி.எல்.சி ஈக்வலைசரில் அடிஒலியைக் குறைத்து, 1 முதல் 3 கிலோஹெர்ட்ஸ் வரை சற்று ஏற்றுங்கள். வார்த்தைகள் கொஞ்சம் துலங்கும். இரைச்சல் முழுதாகப் போகாது.

மொட்டைமாடி:
ஆமாம், தள்ளித்தான் விட்டேன்! இப்போது போய்ப் பார்த்தேன், கார்டு இருக்கிறது.

இன்னும் இரண்டு சந்தேகம். 02-இன் தொடக்கத்தில் 01-இன் கடைசிக் காட்சி மறுபடி வருகிறது, தவறாக வெட்டிவிட்டார்களா? அப்புறம், டார்ஸான் இவ்வளவு சுத்தமாக இங்கிலீஷ் பேசுவானா என்று அப்பாவுக்குச் சந்தேகம்.

ரீல்பெட்டி:
வெட்டு சரிதான். அந்தக் காலத்தில் தியேட்டரில் வாரம் ஒரு எபிசோட்தான். நாயகனை ஆபத்தில் தொங்கவிட்டு முடித்தால், ஏழு நாள் கழித்து வருகிறவருக்கு அதை ஞாபகப்படுத்த வேண்டுமே. அந்த இடத்தைக் கூர்ந்து பாருங்கள். போன வாரம் காட்டாத ஒரு துண்டை நடுவில் செருகி ஆளைத் தப்பவைப்பது சீரியல்காரர்களின் பழைய திருட்டுத்தனம்.

அப்பாவிடம் சொல்லுங்கள்: நாவலில் டார்ஸான் கிரேஸ்டோக் பிரபு, நன்றாகப் படித்தவன். அரைகுறையாகப் பேசுவது ஜானி வைஸ்முல்லர் நடித்த படங்களின் வழக்கம். இந்தச் சீரியலை எடுத்த கம்பெனியில் நாவலாசிரியர் எட்கர் ரைஸ் பரோஸே பங்குதாரர். அதனால்தான் இதில் டார்ஸானாக நடித்த ஹெர்மன் பிரிக்ஸ் முழு வாக்கியம் பேசுகிறார். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் குண்டு எறிதலில் வெள்ளி வாங்கியவர், தோளைப் பார்த்தாலே தெரியும்.

மொட்டைமாடி:
ஒவ்வொன்றாகக் காப்பி செய்ததும் டிவி 01, 02, 03 என்று ஒழுங்காக ஓட்டுகிறது. நன்றி. நேற்று 03 முடித்தோம். அதே ஃபோல்டரில் 'டார்ஸான் அண்ட் தி கிரீன் காடஸ்' என்று 1938 படம் ஒன்றும் இருந்தது. 12 முடிந்ததும் அதைப் பார்க்கலாமா? தொடர்ச்சியா?

ரீல்பெட்டி:
தொடர்ச்சி இல்லை. இதே சீரியலின் காட்சிகளை வெட்டி ஒட்டி ஒரு படமாக்கி மறுபடி விற்றது. அதுவும் அந்த ஜிப்ஸி விருந்தில்தான் தொடங்கும். அப்பா உங்களைச் சும்மா விடமாட்டார். அழித்துவிடுங்கள்.