அம்மாவுக்கு மூளையில அனியூரிசம், காயிலிங் பண்ணலாமா?

மதுரைக்காரன்: அம்மாவுக்கு 58 வயசு, தலைவலின்னு எம்ஆர்ஐ எடுக்கப்போய் மூளை ரத்தக்குழாய்ல பலூன் மாதிரி 8 மிமீ வீக்கம், அதான் அனியூரிசம்னுட்டாங்க, இன்னும் வெடிக்கல. மண்டையைத் திறக்காம தொடை வழியா காயில் வைக்கலாம்ங்கிறார் டாக்டர். யாராச்சும் பண்ணிருக்கீங்களா?

செல்வி: எங்க மாமாவுக்குப் பண்ணோம். தொடை ரத்தக்குழாய்ல மெல்லிசா ட்யூப் விட்டு, எக்ஸ்ரே ஸ்க்ரீன பாத்துக்கிட்டே மூளை வரைக்கும் போய், வீக்கத்துக்குள்ள முடி மாதிரி பிளாட்டினம் கம்பியச் சுருட்டி அடைச்சிடுவாங்க, உள்ள ரத்தம் உறைஞ்சிடும். மூணாம் நாள் வீட்ல இட்லி சாப்பிட்டார். தொடை நீலமா கன்னிப்போனதுதான் அவருக்குப் பெரிய கவலை!

குமார்: மண்டையைத் திறந்து கிளிப் போடுற ஆபரேஷனையும் காயிலிங்கையும் ஒப்பிட்டு 2002ல வந்த ஐசாட் ஆய்வுல காயிலிங்தான் ஜெயிச்சுது, ஆனா அது வெடிச்ச கேஸுங்களுக்கு. வீக்கத்தோட வாய் அகலமா இருந்தா வெறும் காயில் நிக்காது, ரத்தக்குழாய்க்குள்ள ஸ்டென்ட்டோ (வலைக் குழாய்), ரத்தத்தை வீக்கத்துக்குள்ள போகாம திருப்பிவிடுற நெருக்கமான வலையான ஃப்ளோ டைவர்ட்டரோ வைப்பாங்க. அப்ப அதுல ரத்தம் கட்டாம இருக்கக் குடுக்குற ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் மாத்திரைய நீங்களா நிறுத்திடாதீங்க.

மதுரைக்காரன்: வாய் அகலம் கேக்கவே இல்லையே, நாளைக்கே கேக்குறேன்.