பக்கத்து வீட்டில் கட்டப்போகிறார்கள், எங்களுக்குக் கடிதமே வரவில்லை. அவசரம்!

மல்லிகைப்பந்தல்:
பக்கத்து வீட்டுக்காரர் பின்பக்கம் நீட்டிக் கட்டப்போகிறாராம். ஆள் வந்து அளந்ததைப் பார்த்துத்தான் தெரிந்தது. கட்ட அனுமதி தரும் உள்ளூர் கவுன்சில் ஒரு வரிகூட எழுதவில்லை. எங்கள் சமையலறை இருண்டுவிடும். எப்படித் தடுப்பது? உடனே சொல்லுங்கள்.

வேப்பமரம்:
எந்த ஊர்? எத்தனை மீட்டர்? மாடி உண்டா? விண்ணப்பம் போட்டாகிவிட்டதா, இன்னும் பேச்சுதானா?

நடைபாதை:
தெருவிளக்குக் கம்பத்தைப் பாருங்கள், விண்ணப்ப அறிவிப்புக் காகிதம் கட்டியிருப்பார்கள். எங்கள் தெருவில் கட்டியது மழையில் ஊறி எழுத்தே கரைந்துவிட்டது.

கிளாஸ்கோவாசி:
20 மீட்டருக்குள் இருக்கும் எல்லோருக்கும் கவுன்சில் கடிதம் அனுப்பியே ஆகவேண்டும்.

பழைய செங்கல்:
20 மீட்டர் ஸ்காட்லாந்தில். கேட்டவர் இருக்கும் ஊரே தெரியாமல் தீர்ப்புச் சொல்லும் வழக்கம் இங்கே ஓயாது போலிருக்கிறது. இங்கிலாந்தில் சாதாரண வீட்டு விண்ணப்பத்துக்கு இரண்டில் ஒன்று போதும்: ஒட்டிய வீடுகளுக்குக் கடிதம், அல்லது இடத்தில் 21 நாள் அறிவிப்பு. கவுன்சில் தளத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டுப் பார்க்கக்கூடவா நேரமில்லை?

மல்லிகைப்பந்தல்:
லண்டன். செமி டிடாச்டு, ஒரு பக்கச் சுவர் பக்கத்து வீட்டோடு ஒட்டியது. தரைத்தளம் மட்டும், 6 மீட்டராம்.

பழைய செங்கல்:
இதை முதலிலேயே சொல்லக்கூடாதா? உங்கள் வகை வீட்டில் பொதுவாக 3 மீட்டர் வரை விண்ணப்பமே வேண்டாம், யாருக்கும் கடிதமும் வராது. அதற்குமேல் 6 வரை முன் ஒப்புதல் வழி, அதாவது முழு விண்ணப்பம் இல்லாமல் கவுன்சிலிடம் முன்கூட்டியே தெரிவித்து ஒப்புதல் கேட்பது. அதில் கம்பத்தைத் தேடிப் பயனில்லை. ஒட்டிய வீடுகளுக்குக் கவுன்சில் எழுதவேண்டும், குறைந்தது 21 நாள் தரவேண்டும். ஒட்டிய வீட்டார் ஒருவராவது ஆட்சேபித்தால்தான் வெளிச்சம் போகுமா என்றே பார்ப்பார்கள். 42 நாளில் கவுன்சில் பதில் சொல்லாவிட்டால் அவர் கட்டலாம். பழைய தோற்றத்தைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி (conservation area) என்றால் கதை வேறு.

வேப்பமரம்:
"வீட்டு விலை குறையும்" என்று எழுதாதீர்கள், அது எடுபடாது. ஜன்னல் எந்தத் திசை, சுவர் எவ்வளவு தூரம் என்று எழுதுங்கள்.

சுவர்க்கோழி:
ஆட்சேபம் எதற்கு? 1996ஆம் ஆண்டின் பார்ட்டி வால் (பொதுச்சுவர்) சட்டம் இருக்கிறதே. உங்கள் கட்டடத்திலிருந்து 3 மீட்டருக்குள் உங்கள் அஸ்திவாரத்தைவிட ஆழமாகத் தோண்டினால், ஒரு மாதம் முன்பே அவர் நோட்டீஸ் தரவேண்டும்.

பழைய செங்கல்:
அது சுவருக்கும் அஸ்திவாரத்துக்கும் காவல். சமையலறை வெளிச்சத்துக்கு அல்ல.

சுவர்க்கோழி:
எங்கள் தெருவில் அதை வைத்துத்தான் வேலையை நிறுத்தினார்கள்.

பழைய செங்கல்:
தாமதப்படுத்தினார்கள் என்று சொல்லுங்கள்.

கிளாஸ்கோவாசி:
எங்கள் பக்கம் 2009 வரை விண்ணப்பதாரரே அண்டை வீட்டாருக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது. அதுவே மேல். ஒருவர் முகத்தையாவது ஒருவர் பார்த்தார்கள்.

நடைபாதை:
பார்த்து அடித்துக்கொண்டார்கள் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மல்லிகைப்பந்தல்:
தளத்தில் கிடைத்துவிட்டது. முன் ஒப்புதல்தான். வெள்ளிக்கிழமை கடைசி நாள். கடிதம் அனுப்பிய பட்டியலில் எங்கள் வீட்டு எண் இல்லை! ஆட்சேபம் அனுப்பிவிட்டேன். நன்றி.

வேப்பமரம்:
பட்டியலில் விடுபட்டதையும் அதில் எழுதினீர்களா? அந்தப் பக்கத்தைச் சேமித்து வைத்தீர்களா?

சுவர்க்கோழி:
நோட்டீஸ் வந்ததா?