கடலோர வீட்டுக்கு எந்தப் பூச்சுள்ள கூரைத் தகடு?

கேள்வி:
வணக்கம். வெள்ளவத்தையில் கடலோரமாக உள்ள எங்கள் வீட்டின் பின்புறக் கூரைக்கு இட்ட துத்தநாகப் பூச்சுத் தகடுகள், ஆறு ஆண்டுகளுக்குள் ஆணித் துளைகளைச் சுற்றியும் வெட்டிய ஓரங்களிலும் துருப்பிடித்துவிட்டன. அலுமினியம் கலந்த பூச்சு கூடுதல் காலம் நிலைக்குமா?

மறுமொழி 1:
பொதுவாக நிலைக்கும். அப்பூச்சில் எடைப்படி 55 வீதம் அலுமினியமும் ஏறத்தாழ 43.4 வீதம் துத்தநாகமும் 1.6 வீதம் சிலிக்கனும் உள்ளன. அலுமினியம் உப்புக்காற்றுக்குத் திரையாக நிற்க, துத்தநாகம் வெட்டிய ஓரங்களில் தான் முதலில் அரிக்கப்பட்டு உருக்கைக் காக்கிறது. சிலிக்கனோ, உருகிய குழம்பில் தகடு தோயும்போது இரும்புக்கும் அலுமினியத்துக்கும் இடையே எளிதில் விரிசல் விடும் கலப்புப் படை தடித்துவிடாமல் கட்டுப்படுத்துகிறது. வாங்கும்போது தகட்டின் தடிப்பை மட்டுமன்றிப் பூச்சின் நிறையையும் அவசியம் கேளுங்கள்: ஏஇசட் 150 என்றால் இரு பக்கங்களிலும் சேர்த்துச் சதுர மீற்றருக்கு 150 கிராம்.

மறுமொழி 2:
ஈரச் சீமெந்தும், குளிரூட்டியின் செப்புக் குழாயிலிருந்து வடியும் நீரும் இப்பூச்சை அரிக்கும். கிரைண்டரால் வெட்டினால் சூடான இரும்புத் துகள்கள் பூச்சில் ஒட்டி அங்கேயே துரு தொடங்கும். தகரக் கத்தரியால் வெட்டச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. சென்ற முறை முழுவதும் கிரைண்டரால்தான் வெட்டினார்கள். துருவும் அந்த ஓரங்களிலேயே அதிகம்.