லேசர் படகுக்குள் தண்ணீர் சேருது, வெளியே விரிசல் இல்லை: எங்கே தேடுறது?

ஆற்காட்டுப்பாய்:
பழைய லேசர், ஒருத்தர் ஓட்டுற சின்ன ஃபைபர் பாய்மரப் படகு, 4.23 மீட்டர். வாரம் முழுக்க ஆற்காட்டில் வாசல் வெயிலில் டிராலி மேல நிக்கும். காவேரிப்பாக்கம் ஏரியில் தண்ணி இருக்கிற மாசங்களில் இறக்குவோம். ஒரு மணி நேரம் ஓட்டிட்டு வடிகால் மூடியைத் திறந்தா அரை பக்கெட் கொட்டுது. அடியில் ஒரு கீறல்கூட தெரியலை. சுக்கான் பலகையும் முன்னைவிட கனம், கீழ் முனையில் மயிரிழை விரிசல் இருக்கு. சிலிக்கான் அடிச்சா போதும்னு ஒருத்தர் சொல்றார். ரெசின் (ஃபைபரை ஒட்டுற பிசின்) போடணும்னா பாலியெஸ்டரா, எபாக்சியா?

கீழைக்காற்று:
முதலில் மாஸ்ட் (பாய்மரக் கம்பம்) நிற்கிற குழியைப் பாருங்கள். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, மட்டத்தை பென்சிலால் குறித்து, ஒரு மணி நேரம் விடுங்கள். மட்டம் இறங்கினால் சரிசெய்யும்வரை மாஸ்ட்டை ஏற்றவே கூடாது. மணலோடு சேர்ந்து மாஸ்ட்டின் அடி சுழன்று சுழன்று குழியாக இருக்கும் குழாயின் அடியைத் தேய்த்துவிடும். அப்படித் தேய்ந்த குழி நல்ல காற்றில் மேல்தளமான டெக்கோடு பிய்த்துக்கொண்டு போகும்.

குழி சரியாக இருந்தால் காற்றுச் சோதனை. வடிகால் துளையில் ஒரு டியூபைச் செருகி, சுற்றி டேப் ஒட்டி, வாயால் ஊதினாலே போதும். இன்னொருவர் சோப்புத் தண்ணீரைத் தடவிக்கொண்டே வரட்டும். டெக்கும் அடியும் சேரும் விளிம்பு, உட்காரும் பள்ளத்துத் தண்ணீரை வெளியேற்றும் பெய்லரைச் சுற்றி, பின்பலகையில் சுக்கான் கொக்கிகளின் திருகுகள், கால் மாட்டும் பட்டையின் திருகுகள்: குமிழி பெரும்பாலும் இங்கேதான் வரும். பஞ்சர் கடை கம்ப்ரஸரை மட்டும் கொண்டுவராதீர்கள். 1 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு) அழுத்தம் என்பது ஒவ்வொரு சதுர அடி மீதும் 65 கிலோ. டெக்கும் அடி ஓடும் ஒட்டிய இடமே பிரிந்துவிடும்.

கேள்வியிலேயே இன்னொரு காரணம் இருக்கிறது: வாசல் வெயில். உட்காரும் பள்ளமான காக்பிட்டின் முன்சுவரில் ஒரு சிறு மூச்சுத் துளை இருக்கும், அதில் குளவி மண் வைத்து அடைத்திருக்கிறதா பாருங்கள். துளை அடைபட்டு வடிகாலும் மூடியிருந்தால், உள்ளே காற்று 27 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாகும்போது அழுத்தம் 11 சதவீதம் ஏறும், சதுர அடிக்கு 100 கிலோவுக்கு மேல். சூடான படகை மூடியோடு அப்படியே ஏரியில் இறக்கினால் நேர்மாறு: உள்காற்று குளிர்ந்து சுருங்கி, ஊசித்துளை வழியாகக்கூடத் தண்ணீரை உறிஞ்சும். சும்மா மிதக்கவிட்டால் கசியாத இடமெல்லாம் இப்படித்தான் கசியும். தரையில் இருக்கும்போது மூடி எப்போதும் திறந்திருக்க வேண்டும். கரையில் டெக் மேல் நாலு பக்கெட் ஊற்றி, பத்து நிமிடம் ஆறவிட்டு, பிறகு மூடுங்கள்.

சிப்காட்ரெசின்:
சிலிக்கானைத் தொடாதீங்கண்ணா. அது பட்ட எடத்துல பின்னாடி ரெசினும் ஒட்டாது, பெயின்டும் ஒட்டாது, அசிட்டோன் போட்டு எவ்ளோ தேச்சாலும் படலம் நிக்கும். திருகு கசிஞ்சா கழட்டி, ஓட்டையைக் காயவெச்சி, பாலியூரித்தேன் சீலன்ட் வெச்சி முடுக்குங்க.

ரிப்பேருக்கு எபாக்சிதான். பழைய பாலியெஸ்டர் மேல எபாக்சி நல்லா புடிக்கும். எபாக்சி மேல பாலியெஸ்டர் போட்டா நம்ப முடியாது, அதனால மொதல்லயே முடிவு பண்ணிக்குங்க. டேங்க் லைனிங்குக்குப் போடற சாப்டு மேட்டை (வெட்டின கண்ணாடி நாரைப் பசையால ஒட்டின விரிப்பு) எபாக்சியோட போடாதீங்க. அதுல இருக்கற பசை பாலியெஸ்டர் ரெசின்ல இருக்கற ஸ்டைரீன்லதான் கரையும், எபாக்சில கரையாது, வெறப்பா நிக்கும். நெய்த கண்ணாடி நார்த் துணி, சதுர மீட்டருக்கு 200 கிராம், வாங்குங்க.

சுக்கானுக்கு: கீழ்முனைல ஒரே பக்கமா 6 மிமீ ஓட்டை அஞ்சாறு, உள்ள இருக்கற ஃபோம் வரைக்கும் போடுங்க. நிக்கவெச்சி நெழல்ல ஃபேன் போடுங்க. சித்திரை வெயில்ல நேரா காயப்போட்டா ஃபோம்ல இருக்கற காத்து ஊதி வெளி ஃபைபர் தோலைத் தூக்கிடும். தெனம் ஒரே நேரத்துல தராசுல வைங்க, மூணு நாள் எடை மாறலைன்னா காஞ்சிடுச்சு. ஐப்பசி மழைல இந்த வேலையே வேணாம்.

விரிசலோட ரெண்டு பக்கமும் சரிவா தேய்க்கணும், தோலோட கனத்துக்கு 12 மடங்கு அகலம். தோல் 2 மிமீன்னா பக்கத்துக்கு 24 மிமீ. 200 கிராம் துணி ஒரு அடுக்குக்குக் கால் மிமீ ஏறும், ஆக எட்டு அடுக்கு. சீக்கிரம் காயட்டும்னு ஹார்டனரை (ரெசினை இறுக வைக்கற திரவம்) கூட்டாதீங்க, டப்பால போட்ட விகிதம்தான். நம்மூர் சூட்டுல காலைல ஏழு மணிக்குள்ள, 50 கிராம் 50 கிராமா கலந்து, அகலத் தட்டுல ஊத்துங்க. டம்ளர்ல வெச்சா கையிலயே பொகையும். எபாக்சிக்கு வெயில் ஆகாது, முடிஞ்சதும் மேல பெயின்ட் கட்டாயம்.

ஆற்காட்டுப்பாய்:
குழியில் 40 நிமிஷத்தில் 2 செ.மீ. இறங்கிடுச்சு. மூச்சுத் துளையில் மண்ணும் இருந்தது. ஏரித் தண்ணிதானே, உப்பில்லையே, உள்ளே கொஞ்சம் நின்னா பரவாயில்லையா?

கீழைக்காற்று:
உப்பில்லாததுதான் மோசம். பாலியெஸ்டர் ஓட்டில் கொப்புளம் வருவது கடலைவிட நன்னீரில், அதுவும் வெதுவெதுப்பான தண்ணீரில், வேகமாக நடக்கும். ஒவ்வொரு முறையும் வடித்துவிடுங்கள். கொப்புளத்தைக் குத்திப் பார்க்கும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், உள்ளிருக்கும் அமிலநீர் பீய்ச்சி அடிக்கும்.

குழிக்கு: பக்கத்தில் டெக்கில் 125 மிமீ துளை வெட்டி, திருகு மூடி பொருத்துங்கள், உள்ளே கை போக வேறு வழியில்லை. காயவைத்து, 60 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, குழாயின் அடி படகின் அடிப்பகுதியைத் தொடும் மூலையில் சிலிக்காத் தூள் கலந்த எபாக்சியை இட்லி மாவைவிடக் கெட்டியாக வைத்து வளைவாக இழையுங்கள். அது இறுகுமுன் மேலே மூன்று அடுக்கு துணி. குழிக்குள்ளே தேய்ந்த அடியை எபாக்சியால் மட்டப்படுத்தி, 2 மிமீ பிளாஸ்டிக் வட்டு ஒன்று போட்டுவிடுங்கள், இனி மணல் அதைத்தான் தின்னும். ஒரு வாரம் இறுகவிட்டு, மறுபடி தண்ணீர் ஊற்றிப் பார்த்த பிறகே மாஸ்ட்.

சிப்காட்ரெசின்:
தொளை வெட்டறப்ப தூசிக்கு மாஸ்க், முழுக்கை சட்டை. அரிப்பு எடுத்தா மொதல்ல பச்சத்தண்ணி, சுடுதண்ணி ஊத்தாதீங்க.