ஏற்காடு சரிவில் ரோலர் கோஸ்டர்: வளைவுக்கு ஒற்றைத் தூண் போதுமா?

சேர்வராயன்: ஏற்காடு மலைச்சரிவில் நான் நோலிமிட்ஸ் 2 என்ற கோஸ்டர் வடிவமைப்பு மென்பொருளில் வரைந்த கோஸ்டருக்கு 'தூண்கள் பொய்யாக இருக்கின்றன' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 20 மீட்டர் இறக்கம், அடியில் 20 மீட்டர் ஆர வளைவு, தண்டவாளம் 63 டிகிரி சாய்வு. பக்கவாட்டு விசை பூஜ்யம். நேர்த்தூண் போதும், வெளிப்பக்கச் சாய்வுக்கால் வெறும் அலங்காரம்.

இரும்புக்கால்: எழுதியது நான்தான். 20 மீட்டர் இறங்கினால் வேகம் மணிக்கு 71 கிலோமீட்டர். அந்த ஆரத்தில் வண்டி தன் எடையைப் போல இரண்டு மடங்கு விசையோடு தண்டவாளத்தை வெளியே தள்ளும். 5 டன் வண்டி என்றால் 10 டன். உங்கள் படத்தில் தூணின் அடித்தட்டுக்கு நாலே போல்ட். தூண் உச்சியில் 10 டன் தள்ளினால் உள்பக்க போல்ட் இரண்டும் பிடுங்கிக்கொண்டு வரும். சாய்வுக்கால் இருந்தால்தான் அந்தத் தள்ளல் நேராகத் தரைக்கு இறங்கும்.

சேர்வராயன்: விசை வரைபடத்தைப் பார்த்தீர்களா இல்லையா? பூஜ்யம்.

இரும்புக்கால்: அது உட்கார்ந்திருப்பவர் உடம்புக்கு. நான் பேசுவது தூணுக்கு.

சேர்வராயன்: பூஜ்யம் என்றால் பூஜ்யம்தான். வண்டி பிசகாமல் ஓடுகிறதே!

இரும்புக்கால்: நோலிமிட்ஸில் தூணே வைக்காவிட்டாலும் ஓடும். அதையெல்லாம் ஆதாரம் என்று கொண்டுவராதீர்கள்.

காப்பித்தோட்டம்: இருவருமே அஸ்திவாரத்தை மறந்துவிட்டீர்கள். இது சார்னோகைட் பாறை. துளையிட்டுக் கம்பி இறக்கிவிட்டால் நேர்த்தூணும் நிற்கும்.

இரும்புக்கால்: பாறை பிடித்துக்கொள்ளும், தூண் வளையாதா? அதற்குத் தூணை எவ்வளவு பருமனாக்குவீர்கள்? படத்தில் இருப்பது ஒல்லிக் குழாய்.

அடிவாரத்தான்: எங்கே பாறை? மேலே பாக்சைட்டும் செம்மண்ணும்தானே.

காப்பித்தோட்டம்: பாக்சைட் இருப்பது மலை உச்சியில். இவர் வரைந்திருப்பது சரிவில். மலையில் பிறந்தவனுக்கு அடிவாரத்திலிருந்து பாடமா?

அடிவாரத்தான்: பிறந்த ஊரைச் சொன்னால் மண் மாறிவிடுமா? 20 கொண்டை ஊசி வளைவும் தினம் ஏறி இறங்குகிறவன் நான்.

இரும்புக்கால்: மண் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். 10 டன்னுக்கு இன்னும் பதில் வரவில்லை.

சேர்வராயன்: போன மாதம் என் சுரங்கப்பாதையையும் இப்படித்தான் குறை சொன்னீர்கள். என் படம் என்றாலே உங்களுக்கு ஆகாது.

இரும்புக்கால்: சுரங்கத்தில் தலை இடித்தது, சொன்னேன். இங்கே தூண் சாயும், சொல்கிறேன்.

சேர்வராயன்: சாய்வுக்கால் வைக்கமாட்டேன். அடுத்த வளைவும் ஒற்றைத் தூண்தான்.

இரும்புக்கால்: அதன் ஆரத்தையும் வேகத்தையும் போடுங்கள், எத்தனை டன் என்று அதற்கும் எழுதுகிறேன்.