நெல்லு உப்பை எங்க ஒதுக்கி வைக்குது? சாம்பிள் எடுக்க உதவி வேணும்

வணக்கம்ங்க, நான் பெங்களூர் ஹெப்பால் பக்கம் தங்கி எம்.எஸ்சி அக்ரி பண்றேன், சொந்த ஊர் வேதாரண்யம் பக்கம், உப்பு ஏறுன வயலைப் பாத்தே வளந்தவன். மொட்டை மாடில தொட்டி வெச்சு உப்பைத் தாங்குற பொக்காளி நெல்லும் தாங்காத ஐஆர் 29 நெல்லும் ஒரே உப்புத்தண்ணி ஊத்தி வளக்குறேன், மூணு வாரத்துல ஐஆர் 29 நடுக்குருத்து வரைக்கும் சுருண்டு காஞ்சிருச்சு, பொக்காளில அடியில இருக்குற கிழட்டு இலை நுனி மட்டும்தான் வெளுத்திருக்கு, குருத்து பச்சைப்பசேல்னு நிக்குது. தாங்குற ரகம் வேர்லயே சைலம்ல (தண்ணி மேல போற குழாய்ல) ஏறுற உப்போட சோடியத்தைத் திரும்ப இழுத்துக்குது, ஹெச்கேடி1;5னு ஒரு ஜீன் அதுக்கு இருக்கு, மீறி ஏறுறதைப் பழைய இலையிலயும் இலையுறையிலயும் (தண்டைச் சுத்தியிருக்குற இலையோட அடிப்பாகம்) தள்ளிட்டு இளசைக் காப்பாத்துது.

போன தடவை லேப்ல எல்லா இலையையும் ஒண்ணா அரைச்சு ஒரே நம்பர் குடுத்துட்டாங்க, எந்த இலையில எவ்ளோனு தெரியாம மனசே விட்டுப்போச்சு.

இந்தத் தடவை இலையுறை, பழைய இலை, புது இலை, வேர்னு தனித்தனியா எடுக்கப் போறேன். வேரை எவ்ளோ நேரம் அலசுனா வெளி உப்பு மட்டும் போகும்? புது இலை காஞ்சா துளியூண்டுதான் தேறும், அவ்ளோ கம்மி சாம்பிளுக்கு சோடியம், பொட்டாசியம் ரெண்டும் ஃப்ளேம் ஃபோட்டோமீட்டர்ல (தீயில காட்டி நிறத்தை வெச்சு அளக்குற கருவி) பாத்துக் குடுக்குற இடம் பெங்களூர்ல யாருக்காவது தெரியுமா? சனிக்கிழமை அறுக்கணும், தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.