ஷவர் சுவரில் மாடமா, திண்டா? யோசனை சொல்லுங்கள்

வணக்கம். குளியலறையை இடித்துப் புதுப்பிக்கிறோம். ஷாம்பு, சோப்பு வைக்க ஷவர் சுவரிலேயே மாடம் எடுக்க ஆசை. பழைய கம்பி ஸ்டாண்ட் துருப்பிடித்து டைல்ஸில் இறக்கிய பழுப்புக் கோடு எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. இனி அது வேண்டவே வேண்டாம்.

ஆனால் அந்தச் சுவரின் கனமே 4.5 அங்குலம்தான். பாட்டில் நிற்க 3.5 அங்குலம் குடைந்தால் பின்னால் என்ன மிஞ்சும்? அதனால் குடையாமல், முன்னால் இடுப்பளவுக்கு இன்னொரு சுவர் எழுப்பி, மேலே நீளமாகத் திண்டு விடலாமா என்று பார்க்கிறேன். மேலே ஒரே கல்லாகப் பதித்தால் இணைப்புகளில் பூஞ்சை பிடிக்காது. தண்ணீர் தேங்காமல் வடிய முன்பக்கம் லேசான சரிவும் வேண்டும்.

இப்படிக் கட்டியவர்கள், அகலம் எவ்வளவு விட்டீர்கள்? நிற்கும் இடம் குறுகிவிட்டதா? வாட்டர்ப்ரூஃபிங் அடிப்பதற்குள் பதில் கிடைத்தால் பெரிய உதவி.